புயல் பிய்த்த கூரை: தார்ப்பாய் போடும் முன் ஒரு போட்டோ எடுங்கள்

கஜா புயல் 2018 நவம்பர் 16, வெள்ளிக்கிழமை அதிகாலையில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. விடிந்து பார்த்தபோது தோப்புத்துறையிலிருந்து முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் வரை தென்னைகள் வீடுகளின் மேல் சாய்ந்து கிடந்தன. ஓடுகளும் ஷீட்டுகளும் தெருவில் சிதறிக் கிடந்தன. அரசு நிவாரணம் வந்தது. ஜமாஅத்துகளும் இயக்கங்களும் வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்களும் அள்ளிக் கொடுத்தார்கள், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் வீட்டுக்குக் காப்பீடு இருந்ததா, இருந்திருந்தால் அதை எப்படிக் கேட்டு வாங்குவது என்ற பேச்சு நம் வீடுகளில் அன்றும் குறைவு, இன்றும் குறைவு.

வங்கிக் கடனில் வீடு கட்டியவர்கள் இதை அவசியம் கவனிக்க வேண்டும். (வட்டிக் கடனிலிருந்து எவ்வளவு சீக்கிரம் வெளியே வர முடியுமோ அவ்வளவு நல்லது என்பது தனிப் பேச்சு.) கடன் கொடுக்கும்போதே வங்கி அந்தக் கட்டடத்துக்கு ஒரு காப்பீடு எடுத்து, பிரீமியத்தை நம் கணக்கிலேயே பிடித்துக்கொள்வது வழக்கம். பாஸ்புக்கில் ஒரு வரியாக இருக்கும். யாரும் பார்ப்பதில்லை. கூரை போன பிறகு தம்மிடம் பாலிசி இருப்பதே தெரியாமல் நகையை விற்று ஓடு வாங்குபவர்கள் உண்டு. ஐப்பசி பிறப்பதற்குள் வங்கிக் கிளைக்குப் போய், "என் வீட்டுக்குக் காப்பீடு இருக்கிறதா? பாலிசி நகல் கொடுங்கள்" என்று கேட்டு வாங்கி வையுங்கள்.

இது கூடுமா என்ற கேள்வி வரும். வரத்தான் வேண்டும். ஜித்தாவில் இயங்கும் சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1985ல், நிலையான பிரீமியம் கட்டும் வணிகக் காப்பீட்டில் ஒப்பந்தத்தையே கெடுக்கும் அளவுக்கு கரர், அதாவது நிச்சயமின்மை, இருப்பதால் அது கூடாது என்றும், பரஸ்பர உதவியின் மேல் அமைந்த கூட்டுறவுக் காப்பீடு கூடும் என்றும் தீர்மானித்தது. மலேசியாவிலும் இலங்கையிலும் அந்த அடிப்படையில் தகாஃபுல் நிறுவனங்கள் நடக்கின்றன. இங்கே நம் வீட்டுக்கு எடுக்க அப்படி ஒன்று இல்லை. கலவரத்தில் சொத்தை இழக்கும் நம் நாட்டுச் சூழலைக் கருதி ஆலிம்களில் ஒரு சாரார் சலுகை தருகிறார்கள், மறு சாரார் தருவதில்லை. கட்டிய பிரீமியத்துக்கு மேல் வரும் தொகையை என்ன செய்வது என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு. உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். இந்தக் கட்டுரை, வங்கி எடுத்ததோ தாமாக எடுத்ததோ, பாலிசி ஏற்கெனவே கையில் உள்ள குடும்பங்களுக்கானது.

முதல் இரண்டு நாட்கள்

காற்று நின்றதும் ஆண்கள் கூரையில் ஏறிவிடுகிறார்கள். அது வேண்டாம். முதலில் மெயின் ஸ்விட்சை அணையுங்கள். அறுந்த மின்கம்பி ஓட்டிலோ ஷீட்டிலோ கிடக்கலாம். கைமரம் உள்ளுக்குள் முறிந்திருந்தாலும் வெளியே தெரியாது. நனைந்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் ஆள் எடையைத் தாங்காமல் சட்டென்று உடையும். கீழே இருந்தபடியே, பக்கத்து வீட்டு மாடியில் நின்றபடியே, போனில் போட்டோ எடுங்கள்: நான்கு பக்கமும் வெளியிலிருந்து, ஒவ்வொரு அறைக்குள்ளிருந்தும் மேல்நோக்கி, நனைந்த சாமான்கள் கிடந்த இடத்திலேயே. தெருவோடு சேர்த்து ஒரு வீடியோவும் எடுங்கள். அக்கம்பக்கத்து வீடுகளும் சேதமானது அதில் தெரிந்தால், அது புயலால் வந்த சேதம்தான் என்பதற்கு அதுவே சாட்சி.

அதன் பிறகு தார்ப்பாய். சர்வேயர் வரும்வரை எதையும் தொடக்கூடாது என்று சிலர் வீட்டைத் திறந்தபடி போட்டுவிடுகிறார்கள். இது தவறு. சேதம் மேலும் கூடாமல் தடுப்பது பாலிசிதாரரின் பொறுப்பு. மூன்று நாள் மழை உள்ளே இறங்கிக் கெட்ட சுவருக்கு, "ஏன் மூடவில்லை?" என்று கேட்பார்கள். தார்ப்பாயை முகட்டைத் தாண்டி மறுபக்கம் வரை இழுத்து, ஓரத்தை மரச் சட்டத்தில் சுருட்டி ஆணி அடியுங்கள். மேலே செங்கல்லை அடுக்கினால் அடுத்த காற்றில் அது யார் தலையிலாவது விழும். தார்ப்பாய் வாங்கிய ரசீது, கட்டிய ஆளுக்குக் கொடுத்த கூலி இரண்டையும் எழுதி வையுங்கள். அதையும் கிளைமில் கேட்கலாம்.

உடைந்த ஓடு, வளைந்த ஷீட், முறிந்த சட்டம் எதையும் பழைய இரும்புக்காரரிடம் உடனே போட்டுவிடாதீர்கள். கொல்லையில் ஒரு மூலையில் குவித்து வையுங்கள். சர்வேயர் அதை எண்ணிப் பார்ப்பார். அதில் விலை போகக்கூடியது இருந்தால், அந்த மதிப்பைத் தொகையில் கழித்துக்கொள்வார்கள். அது முறையானதுதான்.

தகவலும் சர்வேயரும்

நிறுவனத்துக்குத் தகவல் சொல்வதை அன்றே, முடியாவிட்டால் மறுநாளே செய்யுங்கள். போனில் சொன்னால் போதாது. ஒரு மின்னஞ்சலோ எழுத்து மூலமான கடிதமோ போக வேண்டும். கிளைம் எண் வாங்க வேண்டும். வங்கி வழி பாலிசி என்றால் வங்கிக்கும் ஒரு நகல். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024ல் வெளியிட்ட விதிப்படி, தகவல் கிடைத்த 24 மணி நேரத்தில் சர்வேயரை நியமிக்க வேண்டும், அவர் 15 நாட்களில் அறிக்கை தர வேண்டும், அறிக்கை கிடைத்த 7 நாட்களில் நிறுவனம் முடிவைச் சொல்ல வேண்டும். பெரிய புயலில் ஊர் முழுக்கக் கிளைம் என்றால் இழுக்கும். அப்போது இந்த நாட்களைச் சொல்லி நினைவூட்டல் அனுப்பலாம்.

நம் ஊர்களில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. பாலிசி துபாயிலோ சவூதியிலோ இருக்கும் கணவர் பெயரில் இருக்கும், வீட்டில் மனைவியும் மாமியாரும் இருப்பார்கள். அவர் அங்கிருந்தே மின்னஞ்சலில் தகவல் சொல்லி, இங்கே இன்னார் என் சார்பில் பேசுவார் என்று கையெழுத்திட்ட கடிதத்தை ஸ்கேன் செய்து அனுப்பினால் வேலை நிற்காது. சர்வேயர் வரும் நேரத்தை முன்பே கேட்டு, மச்சானோ சாச்சாவோ வீட்டில் இருக்கும்படி பாருங்கள். கூரை வேலை தெரிந்த ஆசாரி ஒருவரும் கூட நிற்கட்டும். உள்ளே முறிந்த கைமரத்தை அவர்தான் காட்டுவார். வீடு தொடர்ந்து 30 நாட்களுக்கு மேல் பூட்டிக் கிடந்தால் நிறுவனத்துக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்ற நிபந்தனை பல பாலிசிகளில் இருக்கிறது. குடும்பத்தோடு வெளிநாட்டில் இருப்பவர்கள் இதைத் தேடிப் படியுங்கள்.

2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் 'பாரத் கிரஹ ரக்ஷா' என்ற ஒரே மாதிரியான வீட்டுப் பாலிசியை விற்கின்றன. புயல், வெள்ளம் மட்டுமல்ல, மரம் சாய்ந்து விழுந்த சேதமும் அதில் அடங்கும். சுற்றுச்சுவர், தண்ணீர் டேங்க், சோலார் பேனல் எல்லாம் கட்டடத்தோடு சேர்த்தி. கட்டடத்துக்கான தொகை என்பது மனையின் சந்தை விலை அல்ல, மீண்டும் கட்ட ஆகும் செலவு. 1000 சதுர அடி வீடு, சதுர அடிக்கு 2000 ரூபாய் என்று வைத்தால் 20 லட்சம். அதில் 20 சதவீதம், இந்தக் கணக்கில் 4 லட்சம், வீட்டுச் சாமான்களுக்குத் தானாகவே சேரும் (உச்சவரம்பு 10 லட்சம்). ஆகவே நனைந்த மெத்தையையும் பிரிட்ஜையும் பட்டியலில் விடாதீர்கள். குப்பை அள்ளும் செலவுக்கும் ஒரு சிறு பங்கு உண்டு. கீற்றுக் கூரை வீடு என்றால் மட்டும், சேருமா என்று முதலிலேயே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வங்கி எடுத்த பாலிசி பெரும்பாலும் கட்டடத்துக்கு மட்டும்தான் இருக்கும். தொகையும் முதலில் கடன் கணக்குக்கே போகலாம். மராமத்துக்கு விடுவிக்கும்படி கிளை மேலாளரிடம் மனுக் கொடுக்க வேண்டும்.

தராதது எது? நாள்பட்ட பழுது. கான்கிரீட் தளத்தில் பழைய விரிசல் வழியாக ஒழுகிய நீருக்குக் கிளைம் நிற்காது. காற்று கூரையைத் திறந்து, அந்தத் திறப்பின் வழியாக மழை இறங்கியிருந்தால் நிற்கும். வித்தியாசம் இவ்வளவுதான். ஒவ்வொரு வருடமும் மழைக்கு முன் கூரையைப் போட்டோ எடுத்து வைத்திருப்பவருக்கு இந்த வாதமே தேவைப்படாது.

இந்த இடத்தில்தான் சோதனையும் வரும். "எஸ்டிமேட்டை இரண்டு மடங்காகப் போட்டுத் தருகிறேன், கம்பெனி எப்படியும் பாதிதான் தரும்" என்பார் கான்ட்ராக்டர். போன வருடமே உடைந்த ஓட்டையும் சேர்க்கச் சொல்வார். நாம் கொடுப்பது ஒரு சாட்சியம், கீழே போடுவது நம் கையெழுத்து. பொய்யான விவரம் தெரிந்தால் முழு கிளைமும் ரத்தாகும் என்று பாலிசியிலேயே இருக்கிறது. அது ஒருபுறமிருக்க, எடுத்த தொகையில் ஹராம் கலந்தால், அந்தக் கூரையின் கீழ்தானே நாம் தொழ வேண்டும்? எஸ்டிமேட்டில் எத்தனை ஓடு, எத்தனை அடிச் சட்டம், எத்தனை நாள் கூலி என்று எண்ணிக்கையோடு எழுதி வாங்குங்கள். எண்ணிக்கை இருக்கும் நேர்மையான எஸ்டிமேட்டைக் குறைப்பது சர்வேயருக்கு எளிதல்ல. மொத்தமாக ஒரு லட்சம் என்று எழுதியதைத்தான் பாதியாக்குவார்கள். கூலிக்கு ரசீது தராத ஆசாரியிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்கலாம், அல்லது போன் வழியாகப் பணம் அனுப்பினால் அதுவே பதிவு.

மீண்டும் போடும்போது

பழைய மாதிரியே போட்டால் பழைய மாதிரியே பறக்கும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது கொடுக்கும் அழுத்தம் நான்கு மடங்காகும். அந்த அழுத்தம் கூரையைக் கீழே அமுக்குவதைவிட, ஓரங்களிலும் முகட்டிலும் மேல்நோக்கி உறிஞ்சி எடுப்பதே அதிகம். எந்த வீட்டைப் பார்த்தாலும் முதலில் போயிருப்பது இறவானத்து வரிசையும் முகட்டு ஓடும்தான். அங்கே ஒன்று கழன்றால் காற்று உள்ளே புகுந்து மற்றதைத் தூக்கிவிடும்.

ஆகவே ஓட்டு வீட்டில் செலவைச் சுருக்க வேண்டுமென்றால் நடுவில் சுருக்குங்கள். ஓர வரிசைகளை ஒவ்வொரு ஓடாகக் கம்பியால் சட்டத்தோடு கட்டுங்கள். முகட்டு ஓட்டைக் கலவையில் பதியுங்கள். அதைவிட முக்கியம், கைமரம் சுவரோடு பிணைந்திருப்பது. பல பழைய வீடுகளில் அது சுவரின் மேல் வெறுமனே உட்கார்ந்திருக்கும். இரும்புப் பட்டையை வளைத்து, கைமரத்தையும் சுவர் மேலுள்ள மரத்தையும் சேர்த்து போல்ட் போடச் சொல்லுங்கள். ஆணி மட்டும் போதாது, மேல்நோக்கி இழுக்கும்போது ஆணி நேராக உருவி வந்துவிடும். நனைந்த சட்டங்கள் நன்றாகக் காய்ந்த பிறகே ஓட்டை மூடுங்கள். ஈரத்தோடு மூடினால் கரையான் வரும்.

அதிகம் பறந்து போவது மொட்டை மாடியில் பைப் நட்டுப் போட்ட தகர ஷீட் கொட்டகை. ஷீட் பறப்பதில்லை, முழுக் கொட்டகையும் ஒன்றாகப் பெயர்ந்து அடுத்த தெருவில் விழுகிறது. பைப்பைக் கைப்பிடிச் சுவரில் இரண்டு போல்ட்டோடு நிறுத்தாமல் தளத்தின் தூணோடு பிணைக்க வேண்டும். ரப்பர் வாஷர் வைத்த ஸ்குரூவை ஷீட்டின் மேட்டில் அடிக்க வேண்டும், பள்ளத்தில் அடித்தால் ஒழுகும். ஓரங்களில் நெருக்கமாக அடியுங்கள். கடலோரக் காற்றில் ஸ்குரூ துருப்பிடிக்கும், வருடம் ஒருமுறை பார்த்து மாற்றுங்கள். உடைந்த ஆஸ்பெஸ்டாஸை உலர்ந்த நிலையில் அறுக்கவோ பெருக்கவோ கூடாது. அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும். தண்ணீர் தெளித்து, முகக்கவசத்தோடு, பிள்ளைகளை அப்பால் அனுப்பிவிட்டு அள்ளுங்கள். கான்கிரீட் தளத்தின் மேல் மரம் விழுந்து கம்பி தெரிகிறதென்றால் கொத்தனாரை அல்ல, பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

ஓட்டை மாற்றி ஷீட்டோ கான்கிரீட்டோ போட நினைத்தால், முன்பிருந்ததைவிடக் கூடும் செலவு நம்முடையது. நிறுவனம் பழைய கூரைக்கான கணக்கையே தரும்.

தொகை குறைந்தால்

"முழுமையாகப் பெற்றுக்கொண்டேன்" என்று அச்சடித்த வவுச்சர் வரும். தொகை சரியில்லை என்றால், ஆட்சேபணையோடு பெறுகிறேன் என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத வேண்டும். 30 நாட்களில் பதில் இல்லையென்றாலோ பதில் திருப்தி தராவிட்டாலோ சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். 155255 என்ற எண்ணிலும் 'பீமா பரோசா' தளத்திலும் ஆணையத்திடம் புகார் பதியலாம். தாமதத்துக்கு நிறுவனம் வட்டி சேர்த்துக் கொடுத்தால் அந்தப் பகுதியைத் தனியே எடுத்து வைத்து, என்ன செய்வதென்று ஆலிமிடம் கேளுங்கள். கிராம நிர்வாக அலுவலர் எடுக்கும் அரசு நிவாரணக் கணக்கு வேறு, காப்பீடு வேறு. இரண்டுக்கும் தனித்தனியே மனுக் கொடுக்க வேண்டும்.

கடைசியாக, வாப்பா வஃபாத்தாகி வருடங்கள் ஆகியும் பட்டா அவர் பெயரிலேயே கிடக்கும் வீடுகள். பாலிசிக் காலத்தில் உரிமையாளர் இறந்தால் மீதிக் காலத்துக்குப் பாதுகாப்பு வாரிசுகளுக்குத் தொடரும். ஆனால் புதுப்பிக்கும்போது பெயர் மாற வேண்டும். மாறாவிட்டால் கிளைம் நேரத்தில் வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழுக்காக அலைய நேரும். அந்த வீட்டில் இப்போது குடியிருக்கும் ஒரு மகனுக்கு வரும் தொகை அவருடையது மட்டுமல்ல. கட்டிக் கொடுத்த சகோதரிகள் உட்பட எல்லா வாரிசுகளுக்கும் அதில் பங்குண்டு. எல்லோரும் சம்மதித்து வீட்டையே பழுது பார்க்கலாம். அந்தச் சம்மதத்தை ஒரு தாளில் எழுதி அனைவரும் கையெழுத்திட்டு, பாலிசி இருக்கும் அதே பைலில் வையுங்கள்.