தறிக்குழியில் ஈரம், தலைக்கு மேலே ஒயர்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் செவிலிமேட்டுத் தறி வீடுகளில் சுவர் ஓதம் ஏறும். குழித்தறியில் உட்காருபவரின் கால் தரைமட்டத்துக்குக் கீழே, மிதிபலகையில், பெரும்பாலும் வெறுங்காலாக இருக்கும். தலைக்கு மேலே விளக்கு. அதற்குப் போகும் ஒயரில் டேப் சுற்றிய ஒட்டு ஏதாவது இருந்தால் இன்றே மாற்றிவிடுங்கள். அசல் ஜரிகை என்பது பட்டிழைமேல் சுற்றிய வெள்ளி. மின்சாரம் அதிலும் பாயும்.

ஃபியூஸ் இருக்கிறதே என்பீர்கள். அது காப்பாற்றுவது ஒயரை, ஆளை அல்ல. 5 ஆம்பியர் ஃபியூஸ் உருக 5,000 மில்லி ஆம்பியருக்கு மேல் பாயவேண்டும். உயிரைப் பறிக்க அதில் நூறில் ஒரு பங்கே போதும். கசிவு 30 மில்லி ஆம்பியரைத் தொடுமுன்பே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றை மெயின் போர்டில் போடச் சொல்லுங்கள். அதிலுள்ள ‘டி’ பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். டக்கென்று விழவேண்டும். விழாவிட்டால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். எர்த் கம்பியும் சரியாக இருக்கிறதா என்று அவரையே பார்க்கச் சொல்லலாம்.

கைத்தறி நெசவாளருக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் மின்சாரம் இலவசம். 2023-க்கு முன் அது 200 யூனிட். மிச்சமாகும் காசில் முதல் செலவாக இந்த ஒயர், ஆர்.சி.சி.பி. வேலையை வைத்துக்கொள்ளுங்கள். பெயின்ட் அடிப்பது தைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.