பெயர்களும் ஒரு பூனையும்



ஊர்ப்பெயர் ஒன்றைக் கேட்டவுடன் அதன் பொருளைத் தேடுவது மனித இயல்பு. அவ்வாறு தேடும்பொழுது நம் செவி நம் தாய்மொழியையே முதலிற் பற்றிக்கொள்கிறது. இடரும் அங்கேதான் தொடங்குகிறது.

காலி நகரை எடுத்துக்கொள்வோம். அப்பெயர் போர்த்துக்கீசரின் காதில், தம் மொழியிற் சேவலைக் குறிக்கும் 'காலோ' என்னும் சொல்லாக ஒலித்தது. பின்னர் வந்த ஒல்லாந்தர் 1669 ஆம் ஆண்டைப் பொறித்துக் கோட்டை வாயிலில் அமைத்த சின்னத்தின் உச்சியிலும் சேவலே நிற்கிறது. ஊரின் பெயருக்கும் அப்பறவைக்கும் உறவில்லை. செவி செய்த பிழை கல்லிற் பதிந்துவிட்டது.

அந்தக் காலியை நோக்கிச் செல்லும் வீதியிலே, கொழும்பின் தென்புறத்தில், வெள்ளவத்தை இருக்கிறது. தமிழர் காதுக்கு இப்பெயரில் வெள்ளம் கேட்கும், வெண்மையும் கேட்கும். 'வத்தை' என்றால் தமிழில் ஒருவகைத் தோணியாதலால், வெள்ளைத் தோணிகள் கரையேறிய துறை இது என்று ஒரு கதையே கட்டிவிடலாம். ஆனால் சிங்களத்தில் 'வெல்ல' என்பது மணற்கரை. 'வத்த' என்பது தோட்டம். கடலோரத்து மணற்றோட்டம் என்பதே பொருள்.

நகரின் வடபுறத்துக் கொட்டாஞ்சேனையைக் கேட்போருக்குப் படைகளின் நினைவு வரும். அங்கே எந்தப் படையும் இல்லை. காட்டை வெட்டி, எரித்து, சில போகம் பயிரிட்டு, பின் மண் இளைப்பாறும்படி விட்டுவிடும் பயிர்ச்செய்கையைத் தமிழிற் சேனை என்கிறோம். சிங்களத்தில் 'ஹேன' என்கின்றனர். இன்று தேவாலய மணியும் கோயில் மணியும் ஒலிக்கும் நெருக்கமான அப்பகுதியின் பெயரில், ஒரு காலத்து உழவனின் உழைப்பு தங்கியிருக்கிறது.

ஒலி ஒன்றுபோல் இருப்பது சான்றாகாது. காலத்தையும் கேட்க வேண்டும். கொழும்பு என்னும் பெயர் கொலம்பசிலிருந்து வந்ததென்று சொல்வாருண்டு. 1344 இல் இலங்கைக்கு வந்த இபுனு பதூதா இந்நகரைக் 'கலன்பு' என்று குறித்தார். கொலம்பசு கடல் கடந்ததோ 1492 இல். ஆண்டுக் கணக்கே வழக்கைத் தீர்த்துவிடுகிறது.

இதே சோதனையைப் பூனையின் பெயருக்கும் செய்து பார்க்கலாம். சிங்களவர் பூனையைப் 'பூசா' என்பர். மலையாளத்தார் 'பூச்ச' என்பர். ஒல்லாந்தர் 'பூசு' என்பர். ஆங்கிலேயர் 'புசு' என்பர். ஒல்லாந்தர் 1656 முதல் 1796 வரை கொழும்பை ஆண்டனர்; ஆகவே அவர்கள் விட்டுச்சென்ற சொல் இது எனத் தோன்றலாம். ஆனால் கம்பர், பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்த பூனையோடு தம்மை ஒப்பிட்ட அவையடக்கத்தில், 'பூசை' என்னும் சொல்லையே ஆண்டிருக்கிறார். அது 1505 இல் போர்த்துக்கீசர் இங்கு வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது. ஆங்கிலச் சொல்லோ பூனையைக் கூப்பிடும் ஒலியிலிருந்தே பிறந்தது என்பது அறிஞர் கருத்து. தொலைவிலுள்ள மாந்தர் ஒரே பிராணியை ஏறத்தாழ ஒரே ஒலியால் அழைத்திருக்கின்றனர்.

தமிழில் அதற்கு 'வெருகு' என்னும் பழம்பெயரும் உண்டு. வெருகின் குழவியைக் 'குட்டி' என்றும் 'பறழ்' என்றும் சொல்லலாமெனத் தொல்காப்பியம் வகுக்கிறது. அந்த நினைவில், வெள்ளவத்தை ஒழுங்கை ஒன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்த வரிக்கடுவனுக்கு நான் 'வெருகன்' எனப் பெயரிட்டேன். கொட்டாஞ்சேனையிற் பிறந்து வளர்ந்த என் சின்னம்மா அதனைத் 'தம்பி' என்றே அழைப்பார். பக்கத்து வீட்டுச் சிங்கள மூதாட்டிக்கு அது 'பூசா'. மூன்று பெயருக்கும் அதன் காது திரும்பும். பூனைகள் தம் பெயரைப் பிற சொற்களிலிருந்து பிரித்தறிகின்றன என்பதை 2019 இல் வெளியான சப்பானிய ஆய்வொன்று காட்டியது. எங்கள் வெருகன் அதனை முன்னரே காட்டியிருந்தான். மீன் வெட்டும் ஓசைக்கு அவன் இன்னும் விரைவாகத் திரும்புவான் என்பதையும் மறைக்கலாகாது.

பதினான்கு ஆண்டுகள் எங்களோடு வாழ்ந்து அவன் இறந்தபொழுது, புதைக்க எமக்கு ஒரு பிடி நிலம் இருக்கவில்லை. அதற்குள் நாங்கள் அடுக்குமாடியின் நான்காந் தளத்துக்குக் குடிபெயர்ந்திருந்தோம். செய்தி கேட்ட மூதாட்டி, தம் வீட்டுச் சம்பு மரத்தடியைக் காட்டி, "என் பூசாவும்தானே" என்றார். மண்வெட்டி ஒரு முழம் இறங்கியதும் மேல்மண் நீங்கிக் கடல்மணல் வந்தது. அகராதியிற் கண்ட வெள்ளவத்தையை அன்று கையால் தொட்டேன்.

ஊர்ப்பெயரின் வேரைக் காட்டி, இம்மண் எமதே என வழக்காடுவோர் நம் நாட்டிற் பலர். பெயராய்வு அவர்களுக்கு உதவாது. பெயர் காணி உறுதி அன்று. ஒரு காலத்தில் இவ்விடத்தை இன்ன மொழியினர் இவ்வாறு அழைத்தனர் என்று மட்டுமே அது சொல்லும். கொட்டாஞ்சேனையைத் தமிழர் ஒரு விதமாகவும் சிங்களவர் 'கொட்டஹேன' என்று வேறு விதமாகவும் அழைத்துவருகின்றனர். இரண்டும் அதன் பெயர்களே. ஒன்றை நிலைநாட்ட மற்றொன்றை அழிக்க வேண்டியதில்லை.