கொதிக்கும் எஞ்சின்: காரணமும் மருந்தும்

காய்ச்சல் தனியொரு நோயன்று. உடலில் உள்ள வேறொரு நோயின் அறிகுறி என்பர் மருத்துவர். மோட்டார் காரின் எஞ்சின் சூடேறிக் கொதிப்பதும் அத்தகையதே. ஆனால் நம்மவரில் பலர், ரேடியேட்டரில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டால் நோய் தீர்ந்தது என்று எண்ணிவிடுகின்றனர். வகுப்பில் இயற்பியல் பயில்பவன் நான்; விடுமுறை நாட்களில் என் மாமாவின் கார் பட்டறையில் கையுதவி செய்பவன். இரண்டு இடங்களிலும் கற்றவற்றைச் சேர்த்து இங்கே கூற விழைகிறேன்.

வெப்பம் எங்கே போகிறது?

பெட்ரோல் எரிவதால் உண்டாகும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே சக்கரத்தைச் சுழற்றும் வேலையாக மாறுகிறது. ஒரு பங்கு புகையோடு வெளியேறுகிறது. எஞ்சிய பங்கில் பெரும்பகுதியைக் குளிர்விக்கும் நீர்தான் சுமந்து செல்ல வேண்டும். வாட்டர் பம்ப் அந்நீரை எஞ்சினுக்குள் சுற்றி வரச் செய்கிறது. ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் அது இறங்கும்போது, காற்று அதன் வெப்பத்தைக் கவர்ந்து கொள்கிறது. இடையே தெர்மோஸ்டாட் என்னும் வால்வு காவல் நிற்கிறது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மூடிக்கொண்டு, சுமார் 82 முதல் 88 டிகிரி செல்சியஸ் வந்ததும் திறந்து வழிவிடுவது அதன் கடமை. அதனுள்ளே இருக்கும் மெழுகு உருகி விரிவதே திறப்பதற்குக் காரணம்.

மூடியின் மகிமை

ரேடியேட்டர் மூடியைச் சாதாரண மூடி என்று கருதுதல் கூடாது. அதில் ஒரு ஸ்பிரிங் வால்வு உண்டு. பிரஷர் குக்கரைப் போலவே அது உள்ளே அழுத்தத்தைத் தேக்கி வைக்கிறது. காற்றழுத்தத்துக்கு மேல் மற்றோர் அத்தனை அழுத்தம் இருந்தால், நீர் 100 டிகிரியில் கொதிக்காமல் சுமார் 120 டிகிரி வரை தாங்கும். மூடியின் ரப்பர் வளையம் கிழிந்துவிட்டால் இந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டை அடையும்போது, திறந்த பாத்திரத்து நீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஏற்றத்தில் எஞ்சினுக்கு வேலை மிகுதி. வண்டி மெல்லப் போவதால் முன்புறக் காற்றோ குறைவு. மலைப்பாதையில் வண்டிகள் ஓரங்கட்டி நிற்பதன் இரகசியம் இதுவே.

சென்ற கோடையில் அம்மலைப்பாதையிலிருந்து ஒரு வாடகைக் கார் எங்கள் பட்டறைக்குக் கட்டி இழுத்து வரப்பட்டது. ஓட்டுநரோ மருத்துவமனையில் கிடந்தார். கொதிக்கும் ரேடியேட்டரின் மூடியை அவர் திறந்திருக்கிறார். முகமும் வலது கையும் வெந்துவிட்டன. வண்டியில் பழுதாகியிருந்தது ஹோஸ் பைப்பை இறுக்கும் ஒரு கிளிப் மட்டுமே.

இங்கே நடப்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள். 120 டிகிரியில் உள்ள நீரின் அழுத்தத்தைத் திடீரென்று நீக்கினால், அது 100 டிகிரிக்கு இறங்கியாக வேண்டும். அந்த 20 டிகிரி வெப்பம் கிலோ ஒன்றுக்குச் சுமார் 84 கிலோஜூல். நீரின் ஆவியாதல் மறைவெப்பம் சுமார் 2,260 கிலோஜூல். ஆகவே ஒவ்வொரு கிலோ நீரிலும் ஏறத்தாழ 37 கிராம் ஒரு நொடியில் ஆவியாகிறது. அந்த ஆவி அடைத்துக்கொள்ளும் இடம் 60 லிட்டருக்கும் அதிகம்! அது கொதிநீரையும் அள்ளிக்கொண்டு சீறுகிறது. நாம் தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் மறைவெப்பம், ஒரு மனிதனின் முகத்தில் அடித்த கதை இது.

நோய் காணும் முறை

முதற் கேள்வி: எப்போது சூடேறுகிறது? நெரிசலில் நிற்கும்போது மட்டும் ஏறி, ஓடும்போது தணிந்தால், குற்றம் ஃபேனில் இருக்கக்கூடும். பழைய அம்பாசடரில் ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இக்கால வண்டிகளில் மின்சார ஃபேனின் ஃபியூஸ், ரிலே, சுவிட்ச் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். நெடுஞ்சாலையில் வேகமாக ஓடும்போது ஏறினால், ரேடியேட்டர் அடைப்பு, பம்ப், தெர்மோஸ்டாட் ஆகியவற்றை ஐயுறலாம்.

தெர்மோஸ்டாட்டைச் சோதிப்பது நம் ஆய்வகச் சோதனை போன்றதே. கழற்றி, நீருள்ள பாத்திரத்தில் தொங்கவிட்டு, வெப்பமானியுடன் அடுப்பில் வைத்தேன். அதில் பொறித்துள்ள வெப்பநிலையில் வால்வு மெல்லத் திறப்பதைக் கண்ணாரக் காணலாம். நீர் கொதித்த பின்னும் திறவாவிடில் புதியது வாங்குவதே வழி. அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுவது மருந்தாகாது. எஞ்சின் உரிய சூட்டை அடையாமல் பெட்ரோல் வீணாகும்.

இரண்டாம் கேள்வி: நீர் குறைகிறதா? குறைந்தால் கசிவு எங்கே? தரையில் சொட்டினால் தேடுவது எளிது. ஹோஸ் பைப் வெடிப்பு, கிளிப், ரேடியேட்டர் குழாய், பம்பின் அடியிலுள்ள சிறு துளை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். அத்துளையில் ஒழுகினால் பம்பின் சீல் தேய்ந்தது என்று பொருள். கண்ணுக்குத் தெரியாவிடில், எஞ்சின் ஆறியபின் கைப்பம்பை மூடியிடத்தில் பொருத்தி, மூடியில் குறித்த அழுத்தம் வரை ஏற்றுவர். முள் இறங்கினால் கசிவு உண்டு.

சொட்டாமலே நீர் குறைந்தால் ஹெட் கேஸ்கட் மீது ஐயம் கொள்ள வேண்டும். விடாமல் வரும் வெண்புகை, பால் கலந்த தேநீர் போன்ற எஞ்சின் ஆயில், ரேடியேட்டரில் ஓயாத குமிழிகள் ஆகியவை அதன் அடையாளங்கள். அலுமினிய ஹெட் மிகைச் சூட்டில் வளைந்துவிடும். அதைக் கழற்றி, நேர்விளிம்புச் சட்டம் வைத்து அளந்து, லேத் பட்டறையில் சமன்செய்து, போல்ட்டுகளை உரிய வரிசையில் அளவுமானி கொண்டு இறுக்க வேண்டும். கிளிப் வாங்கச் சில ரூபாய். இந்த வேலைக்கோ பல ஆயிரம்.

எந்த நீர்?

நம் ஊர் ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு மிகுதி. அது குழாய்களின் உட்புறம் சுண்ணாம்பாகப் படிந்து வெப்பத்தைத் தடுக்கிறது. ஆகவே தாதுநீக்கிய நீரும் கூலன்ட்டும் கலந்து ஊற்றுவதே நலம். கூலன்ட் உறைதலைத் தடுப்பதோடு, துருவையும் தடுக்கிறது. கொதிநிலையையும் சற்று உயர்த்துகிறது. அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பான நஞ்சு. பழைய கூலன்ட்டைச் சாக்கடையில் கொட்டினால், தாகத்தால் வரும் நாயும் மாடும் அதைக் குடித்து மடியும்.

வழியில் கொதித்தால்

முள் சிவப்பை நெருங்கியதும் ஏ.சி.யை நிறுத்தி, ஹீட்டரை முழுதும் திறந்து, பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிடுங்கள். நீர் முழுதும் போய்விட்டால் முள் இறங்கிக் காட்டுவதும் உண்டு. அதை நம்பி ஓட்டலாகாது. பானெட்டைத் திறந்து வைத்து, குறைந்தது அரைமணி நேரம் காத்திருங்கள். மேல் ஹோஸ் பைப் கை பொறுக்கும் அளவு ஆறிய பின்னரே, தடித்த துணியைப் போர்த்தி, முகத்தை விலக்கி, மூடியை மெல்லத் திருகுங்கள். சுடும் எஞ்சினில் குளிர்நீரை ஊற்றினால் இரும்பு விரிசல் விடும்.

பின்னிருக்கையில் அமர்ந்திருக்கும் நாமும் இதை அறிந்திருத்தல் வேண்டும். "சீக்கிரம் போகணும், தண்ணி ஊத்திட்டுக் கிளம்புங்கண்ணே" என்று ஓட்டுநரை விரட்டுபவர்கள் பெரும்பாலும் நாமே. அடுத்த முறை சுற்றுலாவில் வண்டி மலையில் நின்றால், அந்த அரைமணி நேரத்தை அவருக்கு மனமுவந்து கொடுங்கள்.