குழந்தையின் மோவாயில் அடிபட்டால்

ஓடி வந்த குழந்தை ஈரத் தரையில் வழுக்கிக் குப்புற விழுந்து, மோவாய் கிழிந்து இரத்தம் ஒழுக எழுந்து நிற்கும்போது, பெற்றவள் கண்டு பதறுவது அந்தக் கிழிசலையே. ஆயினும் அந்த அடியின் வேகம் கீழ்த்தாடை வழியே மேலேறி, காதுக்குச் சற்று முன்னே, சுண்டுவிரல் நுனியளவேயான குமிழ் எலும்பில் போய்த் தாக்கி அதை முறித்திருக்கக்கூடும் என்பதை அவள் அறிய நியாயமில்லை. மோவாயில் இரண்டு தையல் போட்டதோடு வைத்தியம் முடிந்ததென்று வீடு திரும்பிய குழந்தைகள் சிலருக்கு, இம்முறிவு ஆண்டுகள் சென்ற பிறகே, வாய் திறக்க மாட்டாமையாகவும் முகக் கோணலாகவும் வெளிப்படுகிறது.

இயற்கை அளித்த காப்பு

பிறந்த சிசுவின் கபாலம் அதன் முகத்தைவிட ஏறத்தாழ 8 மடங்கு பெரிது. வளர்ந்த மனிதனுக்கோ அது 2 மடங்கு அளவே. ஆகையால் மிகச் சிறு பிராயத்தில் விழும்போது, முன்னே புடைத்து நிற்கும் நெற்றியே பெரும்பாலும் அடியை வாங்கிக்கொள்கிறது. கன்னத்துக் கொழுப்பு மெத்தைபோல் தாங்குகிறது; இளம் எலும்போ, பச்சை வேப்பங்குச்சி வளைந்து ஒருபுறம் மட்டும் பிளப்பதுபோல, முற்றிலும் ஒடியாமல் தப்பிவிடுகிறது. 5 வயதுக்குட்பட்டவர்களுக்கு முக எலும்பு முறிவு அரிதாயிருப்பது இதனால்தான். அந்த அருமையே, ஐயம் எழாமல் காலம் கடந்துபோவதற்கும் காரணமாகிறது.

நேரும் விதங்கள்

மாடிப்படி, ஊஞ்சல், கைப்பிடிச் சுவரில்லாத மொட்டைமாடி, பள்ளி செல்லும் பிராயத்தில் சைக்கிள், கிரிக்கெட் பந்து என்று காரணங்கள் பல. அவற்றுள் நம் தெருக்களில் அன்றாடம் கண்முன் நிற்பது ஒன்று: ஸ்கூட்டரின் முன்புறம் நின்றபடி, தகப்பனாரின் இரு கைகளுக்கு நடுவே, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு வரும் குழந்தை. பிரேக் பிடித்த க்ஷணத்தில் அக்குழந்தையின் முகமே முதலில் மோதுகிறது. 4 வயதுக்குட்பட்ட குழந்தையை ஓட்டுபவரோடு பிணைக்கும் வாரும், 9 மாதம் நிரம்பியிருந்தால் தலைக்கவசமும் வேண்டும், வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டலாகாது என்று இந்திய அரசு 2022-இல் விதி வகுத்தது.

எழுதவே மனம் கூசும் காரணம் ஒன்றும் உண்டு. பெரியோர் சொல்லும் விவரமும் குழந்தையின் காயமும் ஒன்றுக்கொன்று பொருந்தாதபோது, அது யாரோ அடித்த அடியாக இருக்கலாம். அங்கே மௌனம் சாதிப்பது பெருந்தவறு. குழந்தைகள் உதவி எண்ணான 1098-இல் தெரிவிக்கலாம்.

கவனிக்க வேண்டியவை

மோவாயில் அடிபட்ட குழந்தையின் எதிரே அமர்ந்து, மெல்ல வாயைத் திறக்கச் சொல்லுங்கள். மோவாய் நேரே இறங்காமல் ஒருபக்கம் ஒதுங்கினால், அந்தப் பக்கத்துக் குமிழ் முறிந்திருக்கலாம். குழந்தையின் மூன்று விரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அதன் பற்களுக்கிடையே நுழையாவிட்டாலும், பல் வரிசை முன்போல் பொருந்தவில்லையென்றாலும், காதோரம் தொட்டால் அழுதாலும் ஐயத்துக்கு இடமுண்டு. அந்நிலையில் சுளுக்கு என்று எண்ணி எவரையும் தாடையை நீவவோ இழுக்கவோ விடலாகாது.

மோவாயல்லாமல் கண்ணருகே அடிபட்டாலும் கவனம் வேண்டும். கண்குழியின் கீழ்த்தளம் மெல்லிய தகடு போன்றது. அடிபட்டு அது விரிசலிட்டு மீண்டும் மூடிக்கொள்ளும்போது கண்ணை அசைக்கும் தசையைக் கவ்விக்கொள்வதுண்டு. வெண்விழி சிவக்காமலே இருக்கும். மேலே பார்க்கச் சொன்னால் ஒரு கண் மட்டும் உயராது. வாந்தி வரும், நாடி மந்தமாகும். இதைத் தலையில் பட்ட அடியின் விளைவென்று மட்டும் கருதிக் காத்திருப்பது விபரீதம். ஓரிரு தினங்களுக்குள் அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும். மூக்கில் அடிபட்டு அதன் நடுச்சுவரில் இரத்தம் கட்டி வீங்கியிருந்தால், அதைத் தாமதமின்றி வடித்துவிட வேண்டும். இல்லையேல் குருத்தெலும்பு அழிந்து மூக்குத் தண்டு அமுங்கிப்போகும்.

சிகிச்சை

குழந்தையின் எலும்பு இரண்டு மூன்று வாரங்களிலேயே கூடிவிடும்; கோணலாக இருந்தாலும் கோணலாகவே கூடிவிடும் என்பதால் முதல் சில தினங்கள் விலைமதிப்பற்றவை. தாடைக்குள் நிரந்தரப் பற்களின் முளைகள் காத்திருப்பதால், திருகாணி அவற்றைத் துளைத்துவிடாதபடி வைத்தியர்கள் கூடியவரை அறுவையைத் தவிர்த்து, பல் வரிசையின்மேல் அக்ரிலிக் கவசம் பொருத்தித் தாடையை நிலைநிறுத்துகிறார்கள். தகடு வைத்தே தீரவேண்டுமானால், நாளடைவில் உடலிலேயே கரைந்துபோகும் தகடுகளும் உண்டு.

காதோரக் குமிழ் முறிவுக்கும் பெரும்பாலும் கத்தி வேண்டியதில்லை. சில நாட்கள் கஞ்சியும் குழைந்த சாதமும் கொடுத்து, வலி தணிந்ததும் வாயைத் திறந்து மூடும் பயிற்சியை விடாமல் செய்விப்பதே பிரதான சிகிச்சை. பல் வரிசை பொருந்தாதபோது மேல்தாடையோடு கீழ்த்தாடையைச் சேர்த்துக் கட்டினாலும், 7 முதல் 14 நாட்களுக்குள் அவிழ்த்துவிடுவார்கள். நெடுநாள் அசைவின்றி இருந்தால் மூட்டு இறுகிவிடும். அக்குமிழைச் சார்ந்தே தாடை வளர்வதால், வலி நீங்கிய பின்னும் வளர்ச்சி முடியும்வரை பரிசோதனை தொடர வேண்டும்.

ஆகவே, மோவாயில் தையல் போட்டு முடித்த வைத்தியரிடம், எழுந்து வருமுன் ஒரு வார்த்தை கேளுங்கள்: “காதோரத் தாடை மூட்டையும் பார்த்துவிட்டீர்களா, ஐயா?”