சும்மா இருக்கும் குருவியின் செலவு

சித்திரை மாத நண்பகலில் புதுச்சேரி முத்தியால்பேட்டைப் பக்கம், ஓட்டு வீட்டு இறவாரத்தில் ஒதுங்கும் சிட்டுக்குருவியைக் கவனியுங்கள். சிறகுகளை உடலிலிருந்து சற்று விலக்கி, அலகைத் திறந்து மூச்சு வாங்கும். எடை 25 கிராம் தேறினால் அதிகம். உடல் வெப்பமோ 41 டிகிரி செல்சியஸை ஒட்டியிருக்கும், நமக்கு 37தான்.

சிக்னலில் நிற்கும் பைக்கின் எஞ்சின் பெட்ரோலைக் குடித்துக்கொண்டே இருப்பதுபோல, பறக்காமல் தின்னாமல் இருக்கும்போதும் குருவிக்குச் சக்திச் செலவு உண்டு. அதுதான் அடிப்படை வளர்சிதை மாற்ற வீதம். அதை அளக்க, வெறும் வயிற்றோடு இருக்கும் பறவையை இரவில் குளிரோ சூடோ உறைக்காத மூடிய பெட்டியில் வைப்பார்கள். உள்ளே போகும் காற்றுக்கும் வெளியே வரும் காற்றுக்கும் இடையே எவ்வளவு ஆக்சிஜன் குறைகிறது என்பதே கணக்கு.

ஒரே இனத்தில்கூட இந்தச் செலவு பறவைக்குப் பறவை மாறும். அது பெற்றோர் தந்ததா, வளர்ந்த இடம் தந்ததா? பிரித்தறிவது கடினம், ஏனென்றால் மரபணுவைத் தந்த தாயேதான் புழுவும் ஊட்டுகிறாள். அதனால் ஆய்வாளர்கள் பொரித்த சில நாளிலேயே குஞ்சுகளைக் கூடு மாற்றி வைக்கிறார்கள். வளர்ந்தபின் அளக்கும்போது, வேறு கூட்டில் வளர்ந்த உடன்பிறப்புகள் ஒத்திருந்தால் அது பரம்பரை. ஒரே கூட்டில் வளர்ந்த அந்நியர்கள் ஒத்திருந்தால் சூழல். தெற்கு ஸ்வீடனின் காட்டு நீலப் பட்டாணிக்குருவிகளைப் பற்றி 2009இல் வெளியான ஆய்வு, பரம்பரைக்குக் கணிசமான பங்கு உண்டு என்று காட்டியது.

எனக்கு இதைவிட வியப்பூட்டுவது 2003இல் வெளியான இன்னொரு ஆய்வு. கென்யா, அயர்லாந்து, ஆஸ்திரியா, கஜகஸ்தான் ஆகிய நாடுகளின் புதர்ச்சிட்டு வகைகளை ஜெர்மனியில் ஒரே சூழலில் வளர்த்து அளந்தார்கள். வெப்ப மண்டலக் கென்யாவைச் சேர்ந்த பறவைகள், மற்றவற்றோடு ஒரே இடத்தில் வளர்ந்தும், வடக்கத்திப் பறவைகளைவிடக் குறைவாகவே செலவழித்தன.

அதற்காகச் சூழலை ஒதுக்கிவிட முடியாது. குளிர்நாடுகளில் பனிக்காலம் வந்ததும் பல சிறு பறவைகள் மார்புத் தசையையும் உள்ளுறுப்புகளையும் பெருக்கிக்கொள்கின்றன, செலவும் ஏறுகிறது. பரம்பரை எல்லையைப் போடுகிறது, அதற்குள் பருவமும் தீனியும் செலவை ஏற்றி இறக்குகின்றன என்பதே என் புரிதல்.

நம் ஊரில் சிக்கல் குளிரல்ல, வெயில். செலவாகும் சக்தி கடைசியில் வெப்பமாகிறது. வெளிக்காற்று 40 டிகிரியை நெருங்கினால் அந்த வெப்பம் உடலைவிட்டு எளிதில் இறங்காது. குருவிக்கு வியர்வைச் சுரப்பியும் கிடையாது. மூச்சோடும் தோல் வழியாகவும் ஈரம் ஆவியானால்தான் உடல் தணியும். அந்த ஈரத்தை ஈடுகட்டத் தண்ணீர் வேண்டும். கத்திரி வெயில் முடியும்வரை மொட்டை மாடி நிழலில் ஆழமில்லாத மண்சட்டி ஒன்றை வையுங்கள். தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள்.