சேற்றுக்குள் இருந்து வரும் காய்ச்சல்



இந்த முறை ஒரு சின்ன உயிரைப் பற்றிப் பேசுவோம். கண்ணுக்குத் தெரியாது. மண்ணிலும் தண்ணீரிலும் வாழும். பெயர் பேர்க்கொல்டேரியா. வாய்க்குள் நுழையாத பெயர்தான். பெயரை மறந்தாலும் பரவாயில்லை, விஷயத்தை மறக்க வேண்டாம்.

முதலில் ஒரு கதையை வைத்துக்கொள்வோம். இது நடந்த கதை அல்ல, நடக்கக்கூடிய கதை.

நம் லயத்தில் ஒரு அண்ணன். வயது 48. மூன்று வருஷமாகச் சீனி வருத்தம். மலையில் வேலைநாள் குறைந்ததால், தெரிந்தவர் ஒருவரைப் பிடித்து அம்பாறைக் கரையில் உள்ள பாலமுனைக்குப் போகிறார். ஒலுவிலுக்கும் அட்டாளைச்சேனைக்கும் நடுவில் இருக்கிற முஸ்லிம் ஊர் அது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயல். பெரும்போக விதைப்புக் காலம். மாரி மழை கொட்டுகிறது. அண்ணன் வெறுங்காலோடு சேற்றில் இறங்கி வரம்பு கட்டுகிறார். குதிகாலில் பழைய வெடிப்பு.

வயல்காரக் காக்கா பார்த்துவிட்டுச் சொல்கிறார்: "தம்பி, காயத்தோட சேத்துக்குள்ள இறங்காதீங்க. சப்பாத்துப் போடுங்க."

"இது என்ன காக்கா, மலையில அட்டைக்கடிக்கே பயப்படாத கால்" என்று அண்ணன் சிரிக்கிறார்.

பத்து நாள் கழித்து ஊர் திரும்புகிறார். கடுங்காய்ச்சல், குளிர் நடுக்கம், இருமல். தோட்டத்து டிஸ்பென்சரியில் மாத்திரை வாங்குகிறார். குறையவில்லை. வேறு மாத்திரை. அதற்கும் குறையவில்லை. அவர் வயல் சேற்றில் நின்றதை யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டதுதான் இங்கே ஆபத்து.

இந்தக் கிருமி யார்?

பேர்க்கொல்டேரியா என்பது ஒரு கிருமி இல்லை, ஒரு குடும்பம். அமெரிக்காவின் வால்டர் பேர்க்கொல்டர் என்ற பயிர்நோய் அறிஞர் 1950 இல் வெங்காயத்தை அழுக வைக்கும் பற்றீரியா ஒன்றை விவரித்தார். பிறகு 1992 இல் இந்தக் குடும்பத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். குடும்பத்தில் எல்லோரும் கெட்டவர்கள் இல்லை. வியட்நாமில் நெல் வேரில் கண்டெடுத்த ஒரு வகை, காற்றில் உள்ள நைதரசனைப் பிடித்துப் பயிருக்குக் கொடுக்கிறது. நல்ல குடும்பத்திலும் ஒரு முரட்டுப் பிள்ளை இருப்பதில்லையா? அந்த மாதிரி ஒன்றுதான் சூடோமல்லை என்ற வகை. அது மனிதருக்குத் தரும் நோயின் பெயர் மெலியோயிடோசிஸ்.

இந்த நோயை முதலில் கண்டவர்கள் பர்மாவின் ரங்கூன் நகரில் வேலை செய்த அல்பிரட் விட்மோர், சி. எஸ். கிருஷ்ணசுவாமி என்ற இருவர். 1912 இல் எழுதி வெளியிட்டார்கள். ஒருவருடைய பெயர் நமக்குப் பழக்கமான பெயர்தான் பாருங்கள்.

இலங்கையில் முதலாவதாக இந்த நோய் பதிவானது 1927 இல். யாருக்கு? ஒரு ஐரோப்பியத் தேயிலைத் தரகருக்கு! ஆகவே துரைமாருக்கு ஒன்று, தொழிலாளிக்கு ஒன்று என்று இந்தக் கிருமி ஆள் பார்ப்பதில்லை.

நம் நாட்டில் எங்கே?

1927 க்குப் பிறகு நெடுங்காலம் இது அபூர்வ நோய் என்றே நினைத்திருந்தார்கள். பிறகு கொழும்பு மருத்துவ பீட ஆய்வாளர்கள் நாடு முழுவதும் தேடிப் பார்த்தார்கள். 2006 முதல் 2014 தொடக்கம் வரை 32 பேருக்கு ஆய்வுகூடத்தில் உறுதியானது. தேடத் தேட வருஷாவருஷம் எண்ணிக்கை கூடியது. நோய் புதிதாக வரவில்லை. இருந்ததை அப்போதுதான் கண்டார்கள். அவர்களில் பெரும்பாலானோர் ஆண்கள், கிராமத்தவர்கள், சீனி வருத்தம் உள்ளவர்கள். சப்ரகமுவ, தென்மத்திய மலைநாடு, வடக்கின் சில இடங்கள் தவிர, நாட்டின் மற்ற எல்லாப் பக்கத்திலும் அந்தக் கிருமி கிடைத்தது.

"அப்படியென்றால் மலையில் இருக்கிற நமக்கு என்ன?" என்று கேட்பீர்கள். அங்கேதான் விஷயம் இருக்கிறது. மலையில் அதிகம் பார்க்காத நோய் என்பதால், மலையில் உள்ள ஆஸ்பத்திரியில் இது முதலில் ஞாபகத்துக்கு வராமல் போகலாம். நமக்குக் கீழ்நாட்டில் சொந்தம் உண்டு, வேலை உண்டு. போய் வருகிறவர்கள் நோயையும் சுமந்து வரலாம்.

உடம்புக்குள் எப்படி நுழைகிறது?

வெயில் காலத்தில் இந்தக் கிருமி மண்ணுக்கு அடியில் கிடக்கும். மாரி மழை பெய்து மண் ஊறியதும் சேற்றோடும் தண்ணீரோடும் மேலே வந்துவிடும். தோலில் உள்ள வெட்டு, வெடிப்பு, சிராய்ப்பு வழியாக நுழையும். கொதிக்க வைக்காத கிணற்றுத் தண்ணீர் வழியாகவும் வரலாம். காற்றோடு அடிக்கும் பெருமழையில் மூச்சு வழியாகவும் போகலாம். 2004 சுனாமிக்குப் பின், தாய்லாந்தில் சேற்றுத் தண்ணீரில் அகப்பட்டு உயிர் தப்பிய சிலருக்கு இந்த நோய் வந்தது.

ஒரு ஆறுதல்: ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவது மிக மிக அபூர்வம். ஆகவே நோயாளியை ஒதுக்கி வைக்க வேண்டாம். கஞ்சி கொடுங்கள், பக்கத்தில் இருங்கள்.

அடையாளம் என்ன?

நோய் தெரிய பெரும்பாலும் ஒரு நாளிலிருந்து மூன்று கிழமை வரை ஆகும். சிலருக்குக் காய்ச்சலும் இருமலும், நெஞ்சு நோவும். சிலருக்குத் தோலில் சீழ்க்கட்டி. சிலருக்கு மூட்டு வீக்கம். ஈரலிலும் மண்ணீரலிலும் கூடக் கட்டி வரலாம். மெலிந்து, மாதக் கணக்கில் இருமினால் காசநோய் என்றே தோன்றும். சிலர் உடம்பில் கிருமி வருஷக் கணக்கில் தூங்கும். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் கைதியாக இருந்த ஒருவருக்கு 62 வருஷம் கழித்து நோய் வெளிப்பட்டது.

சுகதேகிகளில் பலருக்கு ஒன்றுமே ஆகாது. சீனி வருத்தம், சிறுநீரக நோய், நாட்பட்ட நெஞ்சு நோய் உள்ளவர்களும் கடுமையாகச் சாராயம் குடிப்பவர்களும்தான் அதிகம் அகப்படுகிறார்கள்.

மருந்து உண்டா?

உண்டு. ஆனால் பென்சிலின் போன்ற வழக்கமான மருந்துக்கு இந்தக் கிருமி அசையாது. இரத்தம், சீழ், சளி எடுத்து ஆய்வுகூடத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்க வேண்டும். அதற்குச் சில நாள் எடுக்கும். செப்டசிடிம் அல்லது மெரோபெனெம் என்ற ஊசி மருந்தை ஆஸ்பத்திரியில் குறைந்தது இரண்டு கிழமை ஏற்றுவார்கள். அதன் பின் சுமார் மூன்று மாதம் மாத்திரை. காய்ச்சல் விட்டதும் "சுகமாயிட்டேன்" என்று மாத்திரையை நிறுத்தினால் நோய் திரும்பும். தடுப்பூசி இல்லை.

வடகிழக்குத் தாய்லாந்தில் நோயாளிகளில் நூற்றுக்கு 40 பேர் அளவில் இறந்தார்கள். வட அவுஸ்திரேலியாவில் சுமார் 10 பேர். கிருமி ஒன்றுதான். நேரத்தோடு கண்டுபிடிப்பதும் சரியான மருந்தும் நல்ல பராமரிப்பும்தான் வித்தியாசம்.

நாம் செய்ய வேண்டியவை

1. வயலிலோ, கானிலோ, மரக்கறித் தோட்டத்திலோ ஈர மண்ணில் இறங்கும்போது நீண்ட சப்பாத்தும் கையுறையும் போடுங்கள். எலிக்காய்ச்சலுக்கும் இதுவே காப்பு.

2. காயம் இருந்தால் தண்ணீர் புகாதபடி மூடுங்கள். ஆறாத புண் உள்ளவர் சேற்று வேலைக்குப் போகாமல் இருப்பதே நல்லது.

3. வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டு நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

4. கிணற்றுத் தண்ணீரோ பீலித் தண்ணீரோ, கொதித்து ஆறிய பிறகு குடியுங்கள்.

5. சீனி வருத்தம் உள்ளவர் மருந்தை ஒழுங்காக எடுங்கள். கிளினிக் நாளைத் தவற விடாதீர்கள். தினமும் பாதத்தைப் பாருங்கள்.

6. காய்ச்சல் விடாமல் இருந்தால் பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள். டொக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: "எனக்குச் சீனி இருக்கு. இன்ன ஊருக்குப் போனேன். சேத்துத் தண்ணியில நின்னேன்."

இந்தக் கடைசி வார்த்தைகளைச் சொல்வதற்குக் காசு செலவில்லை, வெட்கமும் தேவையில்லை. நம் கதையில் வந்த அண்ணன் அதை முதல் நாளே சொல்லியிருந்தால், டொக்டர் அன்றே இரத்தத்தைச் சோதனைக்கு அனுப்பியிருக்கலாம். உங்கள் வீட்டிலிருந்து யாராவது கீழே வேலைக்குப் புறப்பட்டால், சோற்றுப் பார்சலோடு ஒரு சோடிச் சப்பாத்தையும் கையில் கொடுத்து அனுப்புங்கள்.