பாடியை மாற்றும் முன் போர்டைக் கழுவுங்கள்

பரணில் கிடந்த பழைய டிவி கேம் பெட்டியை மறுபடி ஓட வைக்க நினைப்பவர்கள் முதலில் தேடுவது புது பாடியைத்தான். 1983-இல் நின்டெண்டோ ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாமைப் பார்த்துச் செய்த நகல்கள் 1990-களில் நம் வீடுகளுக்கு வந்தன. அவற்றின் வெளிர்நிறப் பாடி மஞ்சளேறிப் போயிருப்பதுதான் உடனே கண்ணில் படுகிறது. ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், கீழக்கரைக்காரர்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். பாடியின் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கைக் கடலுப்பு ஒன்றும் செய்வதில்லை. அது மஞ்சளாவது வெயிலாலும் வெப்பத்தாலும் ஆக்ஸிஜனாலும். மதுரையில் வைத்திருந்தாலும் மஞ்சளாகும். கடற்காற்று தின்பது உள்ளே இருக்கும் உலோகத்தை.

இந்தக் காற்றின் வீரியத்துக்குச் சான்று கண்ணெதிரே இருக்கிறது. உலோகத் தகடுகளைத் திறந்தவெளியில் வைத்து அரிப்பை அளக்க, காரைக்குடியின் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரி, மண்டபத்தில் ஆய்வு நிலையமே வைத்திருக்கிறது. 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்துக்கு ஓயாமல் பெயின்ட் அடித்தும் அரிப்பு விடவில்லை. 2022 டிசம்பரில் அதில் ரயில் போக்குவரத்து நின்றது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளையும் தனிவகைப் பூச்சையும் தேட வேண்டியிருந்தது. காரணம் எளிது. கடலுப்பில் உள்ள சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் ஈரத்தை இழுத்துக் கரைந்துவிடும். கூடவே இருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். ஆகவே கேசட் செருகும் வாய் வழியே நுழைந்து படிந்த உப்பு, உலர்ந்ததுபோல் தெரிந்தாலும் உலர்வதில்லை. பின்களின் மேல்பூச்சில் உள்ள நுண்துளைகளில் இறங்கிச் செம்பைத் தொடுகிறது. பச்சைக் களிம்பு பூக்கிறது. படம் வராதபோது கேசட்டை ஊதிச் செருகினோமே, அந்த வாய் ஈரமும் களிம்புக்குத்தான் துணை போனது. இத்தனையையும் அப்படியே விட்டுப் புது பாடியை மாட்டினால், அரிப்பு உள்ளே தொடர்ந்து நடக்கும்.

ஸ்பிரிட்டால் துடைத்தால் போதாதா என்பார்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் பிசுக்கைப் போக்கும்; உப்பு அதில் கரைவது மிகக் குறைவு. உப்பைக் கரைக்கத் தண்ணீர்தான் வேண்டும். எலெக்ட்ரானிக் பொருளில் தண்ணீரா என்ற பயம் நியாயமானதே. ஆனால் கெடுதல் வருவது மின்சாரம் இருக்கும்போதும், உப்பு கலந்த நீராலும்தான். அடாப்டரைப் பிடுங்கி, போர்டைத் தனியே எடுத்து, உப்பு நீக்கிய பேட்டரி வாட்டரில் மெல்லிய பிரஷ்ஷால் கழுவி, பிறகு ஆல்கஹால் விட்டு ஈரத்தை ஓட்டி, முழுக்கக் காய்ந்தபின் மின்சாரம் கொடுக்கலாம். உள்ளே பேட்டரி உள்ள கேசட்டை மட்டும் இப்படிக் கழுவக் கூடாது.

மஞ்சள் பாடியைப் பார்க்கச் சகிக்கவில்லை என்பவர்களின் மனக்குறையும் எனக்குப் புரிகிறது. பழைய பொருள் அழகாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுவதில் தவறில்லை. ஆனால் நகல் பெட்டிகள் பல அச்சுகளில் வந்தவை. ஒன்றின் ஸ்க்ரூத் தூண் மற்றொன்றில் பொருந்தாது. தூக்கி எறிந்த பாடியும் மக்கிப் போகாது. 21 தீவுகள் கொண்ட மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா இதே கரையை ஒட்டித்தான் இருக்கிறது. தூண்கள் வெடித்து, இரு பாதியும் சேராமல் இடைவெளி விழுந்திருந்தால் பாடியை மாற்றத்தான் வேண்டும். அந்த இடைவெளி உப்புக்கு இன்னொரு வாசல். அப்படி இல்லையென்றால் பழைய பாடியே போதும். துருவேறிய ஸ்க்ரூக்களை மட்டும் அதே அளவு எஸ்.எஸ். ஸ்க்ரூக்களாக மாற்றுங்கள். மூடும்போது ஒவ்வொன்றையும் முதலில் இடப்பக்கம் சுற்றி, பழைய புரியில் ‘டக்’கென்று இறங்கியபின் வலப்பக்கம் திருகினால் தூண் வெடிக்காது.